பாடும் புத்தகம் அச்சிட்ட அனுபவம்: குறியீட்டுக்குப் பின்னால் இருக்கும் முகவரி யாருடையது?

திருகோணமலை மாவட்டத்தின் முதியவர்கள் இன்றும் மனனமாகப் பாடிவரும் பாட்டுகளுள் 24 ஐத் தெரிந்தெடுத்து, சிறுவர்களுக்கான படப் புத்தகமாக 2023 ஆம் ஆண்டில் என் சொந்தச் செலவில் அச்சிட்டேன். ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு பக்கங்கள். ஒரு பக்கத்தில் ஓவியம், எதிர்ப்பக்கத்தில் பாட்டின் வரிகள், அதன் கீழ் மூலையில் ஒரு கியூஆர் குறியீடு. கைத்தொலைபேசியின் கமராவை அதன் மேல் பிடித்தால், அந்தப் பாட்டைப் பாடியவரின் குரலே கேட்கும்; சில பக்கங்களில் காணொளியும் வரும். 500 பிரதிகளில் பாதிக்கு மேல் விற்றும் கொடுத்தும் முடிந்திருந்த நிலையில், அடுத்த ஆண்டில் ஒரு நாள், எல்லாக் குறியீடுகளும் ஒரே நேரத்தில் வேலை செய்யாமல் போயின. அச்சில் பிழை இருக்கவில்லை. ஒலிக்கோப்புகளும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. அதைச் சீர்செய்வதற்கு எனக்கு ஏறத்தாழ 85,000 ரூபாய் செலவாயிற்று. அச்சகத்தாருக்கு அச்சு தெரியும், கணினி படித்த பிள்ளைகளுக்கு இணையம் தெரியும். இரண்டையும் பிணைக்கும்போது எங்கே அறுந்துபோகும் என்பதைக் கேட்டறிய இந்த ஊரில் எனக்கு ஒருவரும் கிடைக்கவில்லை. இத்தகைய புத்தகமொன்றைத் தனியாகச் செய்ய நினைப்பவர் எவரேனும் அச்சுக்குக் கொடுக்கும் முன் இதைப் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன்.

பாட்டை வெறும் வரிகளாக அச்சிட்டால் போதாதா என்று பலர் கேட்டார்கள். சில பாட்டுகளுக்குப் போதும். ஆனால் உப்புவெளி, நிலாவெளிப் பக்கங்களில் கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாவை எழுத்தில் வைத்துப் பாருங்கள். ஏலேலோ என்பது பத்து வரிகளில் திரும்பத் திரும்ப வருவதாக மட்டுமே தெரியும். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் ஏற்றுப் பாடுவதும், ஏற்றுப் பாடும் அந்த இடத்திலேயே அனைவரும் கயிற்றை இழுப்பதும், வலை கனத்து வரும்போது பாட்டின் வேகம் குறைவதும் காதில் விழுந்தால்தான் அது ஒரு தொழிற்பாட்டு என்பது பிள்ளைக்கு விளங்கும். தம்பலகாமத்தில் சூடடித்த காலத்துப் பொலிப்பாட்டும் அப்படியே. கிண்ணியாவில் ஒரு மூத்தம்மா பாடித் தந்த தாலாட்டில், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் அவர் நாக்கைத் தட்டி எழுப்பும் ஓசையை எந்த எழுத்தால் எழுதுவது என்று எனக்கு இன்றும் தெரியாது.

ஒலியை எப்படிக் கொடுப்பது என்பதில் பல வழிகளைப் பார்த்தேன். புத்தகத்தின் பின் அட்டையில் இறுவட்டு ஒட்டிய காலம் போய்விட்டது. இப்போது வாங்கும் மடிகணினிகளில் அதைப் போடும் இடமே பெரும்பாலும் இல்லை. அடுத்ததாகப் பேசும் பேனாக்கள் என்னை வெகுவாகக் கவர்ந்தன. அமெரிக்காவில் லீப்ஃபுரொக் நிறுவனம் 2008 இலும், ஜெர்மனியில் ராவன்ஸ்பேர்கர் நிறுவனம் 2010 இலும் இத்தகைய பேனாக்களைச் சிறுவர் புத்தகங்களோடு விற்பனைக்குக் கொண்டுவந்தன. பக்கம் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணிய புள்ளிகள் அச்சிடப்பட்டிருக்கும். பேனாவின் முனையிலுள்ள சிறிய கமரா அகச்சிவப்பு ஒளியில் அவற்றைப் படித்து, தன் நினைவகத்திலிருக்கும் ஒலியை எடுத்துப் பாடும். இணையம் தேவையில்லை, மூன்று வயதுப் பிள்ளையும் தொட்டுக் கேட்கலாம். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் அந்தப் பேனா இருக்க வேண்டும். அதன் விலை என் புத்தகத்தின் விலையைப் பல மடங்கு தாண்டியது. படத்தின் மீது கமராவைப் பிடித்தால் உருவங்கள் எழுந்து ஆடும் மிகைநிகர் செயலிகளையும் ஒருவர் பரிந்துரைத்தார். தனிச் செயலியைத் தரவிறக்கச் சொல்லி ஓர் அம்மாவைக் கேட்பதே கடினம். அந்தச் செயலியை நடத்தும் நிறுவனம் தொழிலை விட்டால் படம் மீண்டும் வெறும் படம்தான். அதனால் கியூஆர் குறியீட்டுக்கே வந்தேன். தமிழ்நாட்டில் 2018 இலிருந்து வெளிவந்த புதிய பாடநூல்களில் இக்குறியீடுகளைப் பார்த்திருந்ததும் நம்பிக்கை தந்தது. அங்கே அவற்றைப் பராமரிக்க ஓர் அரசாங்கமே இருக்கிறது என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அப்போது எனக்கு எவரும் சொல்லவில்லை.

ஒலிப்பதிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் கரையில் கரைவலை இழுக்கும் காலமும் கச்சான் காற்று வீசும் காலமும் ஒன்றே. காற்றுப் பட்டால் கைத்தொலைபேசியின் ஒலிவாங்கி இரைச்சலைத் தவிர வேறெதையும் பிடிக்காது. காற்று எழும் முன்னர் அதிகாலையில் போவதும், ஒலிவாங்கியின் மேல் தடித்த பருத்தித் துணியைச் சுற்றுவதும் உதவின. மூலப் பதிவை எப்போதும் சுருக்கப்படாத வேவ் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். இரட்டைத் தட ஒலியானால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 எம்பி எடுக்கும், ஆனால் பின்னாளில் எந்த வடிவத்துக்கும் மாற்றலாம். பாடியவரிடம் எழுத்தில் சம்மதம் பெறுவதையும் விட்டுவிடக் கூடாது. பாட்டு ஊருக்குப் பொதுவாக இருக்கலாம், ஆனால் பாடியவருக்கு அவர் பாடிய பதிவின் மீது உரிமை உண்டு. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நிகழ்த்துவோரின் உரிமைகளைத் தனியாகவே குறிப்பிடுகிறது. கிண்ணியா மூத்தம்மா, “என்ட குரல் போகட்டும் மகள், முகம் வேணாம்” என்றார். அதைத் தாளில் அப்படியே எழுதி, அவருடைய பேரனை வாசித்துக் காட்டச் சொல்லிக் கையொப்பம் வாங்கினேன். பின்னர் உறவினர் ஒருவர் காணொளியும் கேட்டு வந்தபோது அந்தத் தாள்தான் பேசியது.

இனி, பிரச்சினை பிறந்த இடத்துக்கு வருகிறேன். கியூஆர் குறியீடு என்பது எழுத்துகளைக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக மாற்றி வைத்திருப்பது மட்டுமே. 1994 இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாகிரோ ஹராவும் அவருடைய குழுவினரும் வாகன உதிரிப்பாகங்களைக் கண்காணிப்பதற்காக அதை உருவாக்கினார்கள்; காப்புரிமை இருந்தும் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டார்கள். ஆகவே ஒரு முகவரியை நேரடியாகக் கொண்ட குறியீட்டுக்குக் காலாவதி என்பதே கிடையாது. சிக்கல் முகவரியின் நீளத்தில் வருகிறது. எழுத்துகள் கூடக் கூடக் கட்டங்களும் கூடும். மிகச் சிறிய குறியீட்டில் ஒரு வரிசைக்கு 21 கட்டங்கள், மிகப் பெரியதில் 177. நான் ஒலிக்கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்திருந்தேன். இணைய முகவரிக்குள் தமிழ் எழுத்து அப்படியே போகாது. கணினியின் கணக்கில் ஒரு தமிழ்க் குறி, விழுக்காட்டுக் குறிகளோடு சேர்ந்து ஒன்பது எழுத்துகளாக விரியும். தாலாட்டு என்ற ஒரு சொல் மட்டும் 72 எழுத்துகளாயிற்று. அதற்கு முன்னால் கோப்புகளை வைத்திருந்த தளத்தின் நீண்ட முகவரி வேறு. கடைசியில் வந்த குறியீட்டில் ஒரு வரிசைக்கு அறுபதுக்கும் மேற்பட்ட கட்டங்கள். ஒன்றரைச் சென்ரிமீற்றர் அகலத்தில் அச்சிட்டபோது புதிய கைத்தொலைபேசி மட்டுமே படித்தது, என் வீட்டுக்கு உதவிக்கு வரும் அக்காவின் பழைய தொலைபேசி படிக்கவே இல்லை. தமிழில் வேலை செய்பவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்: வாசகர் காணும் தலைப்புத் தமிழில் இருக்கட்டும், கோப்பின் பெயர் எண்ணாக இருக்கட்டும்.

பக்க வடிவமைப்புச் செய்த தம்பி இதற்கு ஓர் எளிய தீர்வு சொன்னார். இணையத்தில் குறியீடு உருவாக்கித் தரும் சேவை ஒன்றில் கணக்குத் திறந்தால், அது நீண்ட முகவரிக்குப் பதிலாகத் தனது சொந்தக் குறுகிய முகவரியைக் குறியீட்டுக்குள் வைக்கும். வாசகர் முதலில் அந்தச் சேவைக்குப் போவார், அது அவரை நம் கோப்புக்குத் திருப்பிவிடும். குறியீடு மெலிந்து அழகாக வரும்; கோப்பை இடம் மாற்றினாலும் அச்சை மாற்ற வேண்டியதில்லை; எத்தனை பேர் கேட்டார்கள் என்ற எண்ணிக்கையும் கிடைக்கும். எல்லாமே உண்மை. இலவசத் திட்டம் என்று எழுதியிருந்தது. பழைய தொலைபேசியிலும் பாட்டு உடனே கேட்டது. மாதிரிப் பிரதி வந்தபோதும், வெளியீட்டு விழாவிலும், அதன் பிறகு மாதக்கணக்கிலும் ஒரு குறையும் இருக்கவில்லை. அச்சுக்கும் வடிவமைப்புக்குமாக நான் கொடுத்த பணம் நான்கரை இலட்சத்துக்கு மேல். 2022 இல் கடதாசித் தட்டுப்பாடும் டொலரின் ஏற்றமும் அச்சுக்கூலியை எங்கே கொண்டுபோய் நிறுத்தின என்பது புத்தகம் போட்ட எல்லோருக்கும் தெரியும்.

மூதூரில் ஒரு முன்பள்ளி ஆசிரியைதான் முதலில் அழைத்தார். “ரீச்சர், பாட்டுக்குப் பதிலா காசு கேக்குது” என்றார். எனக்கு விளங்கவில்லை. என்னிடமிருந்த பிரதியை எடுத்துக் கமராவைப் பிடித்தேன். இந்தக் குறியீடு செயலிழக்கச் செய்யப்பட்டுள்ளது, உரிமையாளர் கட்டணத் திட்டத்துக்கு மாற வேண்டும் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வந்தது. அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம் என்று எல்லாவற்றையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே பக்கம். பிள்ளைகள் கூடியிருந்த வகுப்பறையில் அந்த ஆசிரியை எவ்வளவு சங்கடப்பட்டிருப்பார் என்பதும், புத்தகத்தை விலை கொடுத்து வாங்கியவர்கள் என்னை என்னவென்று நினைப்பார்கள் என்பதும் சேர்ந்து அன்று சாப்பாடே இறங்கவில்லை. பாடிய முதியவர்களுள் ஒருவர் அதற்குள் காலமாகியிருந்தார். அவருடைய குடும்பத்தினர் நினைவுநாளில் அந்தப் பக்கத்தைத் திறந்து கேட்பதாகச் சொல்லியிருந்தார்கள். கோபம் யார் மீது என்று தெரியாத கோபம் ஒன்று உண்டல்லவா, அதோடு சில இரவுகள் போயின.

விசாரித்தபோது வெளிவந்தது இதுதான். இலவசத் திட்டத்தில் குறியீடுகள் மொத்தமாகக் குறிப்பிட்ட எண்ணிக்கை வரைதான் திறக்கப்படலாம் என்று அந்தச் சேவை தன் விதியை இடையில் மாற்றியிருக்கிறது. அறிவித்தல்கள் மின்னஞ்சலில் வந்திருக்கின்றன. ஆனால் கணக்கு வடிவமைப்பாளரின் மின்னஞ்சலில் திறக்கப்பட்டது, அவரோ வேலை கிடைத்துக் கட்டாருக்குப் போய்விட்டார், அந்த மின்னஞ்சலைத் திறப்பதே இல்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். வட்ஸ்அப்பில் அழைத்தவுடன் வேலை முடிந்து வந்து நள்ளிரவு வரை இருந்து கடவுச்சொல்லை மீட்டுத் தந்தார். ஆனால் மாதம் 10 டொலர், ஓராண்டுக்கு முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்று நின்றது. கட்டாவிட்டால் அச்சிட்ட அத்தனை பிரதிகளும் ஊமை. கட்டினால், புத்தகம் எவருடைய அலுமாரியிலாவது இருக்கும் காலம் வரை ஆண்டுதோறும் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அச்சிட்ட பக்கம் ஐம்பது ஆண்டு கிடக்கும். நான் அவ்வளவு காலம் இருக்க மாட்டேன். அந்த இடத்தில்தான், என் புத்தகத்தின் வாசலுக்கு இன்னொருவர் பூட்டுப் போட்டிருக்கிறார், நான் அதற்குள் வாடகைக்கு இருக்கிறேன் என்பது தெளிவாயிற்று. அழகான குறுகிய முகவரியில் எனக்கு எந்த உரிமையும் இல்லை.

ஒரே ஓர் ஆண்டுக்கு மட்டும் கட்டினேன்; வங்கி அட்டையில் ஏறத்தாழ 36,000 ரூபாய் போயிற்று. அது வாசகர்களை இருட்டில் விடாமல், மாற்று வேலையைச் செய்து முடிப்பதற்கான அவகாசத்தை வாங்கிய விலை. அந்த அவகாசத்தில் என் பெயரில், என் மின்னஞ்சலில், டொட் கொம் என்று முடியும் ஒரு சிறிய இணையப் பெயரைப் பதிந்தேன். அதற்கு ஆண்டுக்கு ஐயாயிரம் ரூபாய்க்கும் குறைவு. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் பக்க எண்ணும் மட்டுமே முகவரி. அந்த எண்ணைத் திறப்பவரை எந்தக் கோப்புக்குத் திருப்புவது என்பதை நானே தீர்மானிக்கிறேன். கோப்பு இருக்கும் தளம் நாளை மூடப்பட்டாலும், வேறு தளத்தில் ஏற்றிவிட்டு ஒரு வரியை மாற்றினால் போதும். இடையிலிருந்த சேவை தந்த வசதிகள் அனைத்தும் இதிலும் உண்டு, வாசல் மட்டும் என்னுடையது. முகவரி முழுவதும் 32 எழுத்துகளுக்குள் அடங்கியதால் ஒரு வரிசைக்கு 29 கட்டங்கள் கொண்ட சிறிய குறியீடே போதுமானதாக இருந்தது; அதில் நான்கிலொரு பங்கு வரை அழுக்கானாலும் கிழிந்தாலும் மீட்டுப் படிக்கக்கூடிய திருத்த அளவையும் வைக்க முடிந்தது. சோறு பட்ட விரலோடு பிள்ளைகள் புரட்டும் புத்தகத்துக்கு அது ஆடம்பரமில்லை.

பெரிய நிறுவனத்தின் சேவையானால் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கூகுள் நிறுவனமே நடத்திய முகவரி சுருக்கும் சேவையில் 2019 இலிருந்து புதிய முகவரிகளை உருவாக்க முடியாமல் போயிற்று; நெடுநாள் எவரும் திறக்காத பழைய முகவரிகள் 2025 ஓகஸ்டோடு செயலிழந்தன. எவரும் திறக்காத முகவரி என்றால் யாருக்கு நட்டம் என்று தோன்றலாம். புத்தகம் அப்படித்தான் வாழ்கிறது: பத்து ஆண்டு பெட்டிக்குள் கிடந்து, பிறகு ஒரு பேத்தியின் கையில் திறக்கும்.

புதிய குறியீடுகளை ஒட்டுத்தாளாக அச்சிட்டேன். ஒரு ஏ4 தாளில் 24 குறியீடுகள், ஒவ்வொன்றின் கீழும் பக்க எண். ஒரு பிரதிக்கு ஒரு தாள் என 500 தாள்கள். அதற்கு 27,000 ரூபாய். என்னிடம் மீந்திருந்த பிரதிகளில் நானும் அயல் வீட்டுப் பிள்ளைகளும் உட்கார்ந்து ஒட்டினோம். விற்ற பிரதிகளைத் தேடிப்பிடிப்பதுதான் உயிரை எடுத்தது. முன்பள்ளிகளுக்கும் பாடசாலை நூலகங்களுக்கும் கொடுத்தவை பட்டியலில் இருந்தன. விழாவில் வாங்கியவர்களின் பெயர் எவரிடமும் இல்லை. தெரிந்தவர்களின் வட்ஸ்அப் குழுக்களில் அறிவித்தேன், தபாலில் அனுப்பினேன், சாம்பல்தீவு, தம்பலகாமம், மூதூர் என்று பேருந்தில் போய்க் கொடுத்தேன். போக்குவரத்தும் தபாலுமாக 22,000 ரூபாய் வரை போயிற்று. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கடை வழியாக விற்ற பிரதிகளில் பலவற்றுக்கு அந்தத் தாள் போய்ச் சேர்ந்திருக்காது என்றே நினைக்கிறேன், அதை நினைக்கும்போதெல்லாம் இப்போதும் மனம் சுருங்குகிறது. நீங்கள் இப்படியொரு புத்தகம் விற்பதானால், வாங்குபவரின் தொலைபேசி எண்ணை ஒரு கொப்பியில் எழுதி வாங்கி வையுங்கள். முதல் பக்கத்தில் உங்களைத் தொடர்புகொள்ளும் வழியையும் அச்சிடுங்கள். எனக்கு அழைத்துச் சொல்ல அந்த மூதூர் ஆசிரியைக்கு முடிந்தது அதனால்தான்.

அச்சகத்தில் கற்றவற்றையும் இங்கே சேர்க்கிறேன். குறியீட்டை இரண்டு சென்ரிமீற்றருக்குக் குறையாமல் வையுங்கள், அதைச் சுற்றி நான்கு கட்ட அகலத்துக்கேனும் வெள்ளை இடம் விடச் சொல்லுங்கள்; ஓவியத்தின் மேல் குறியீட்டை வைத்தால் அழகாக இருக்கும் என்று சொல்லும் வடிவமைப்பாளரிடம் அன்பாக மறுத்துவிடுங்கள். கறுப்பைத் தனிக் கறுப்பு மையால் மட்டுமே அச்சிட வேண்டும். நான்கு நிறங்களைக் கலந்து வரும் கறுப்பாக இருந்தால், தகடுகள் மயிரளவு விலகினாலும் கட்டங்களின் ஓரம் மங்கும். படமாகச் சேமித்த குறியீட்டைப் பெரிதாக்கிச் சிறிதாக்கும்போது ஓரங்கள் உடையும். எந்த அளவுக்கும் உடையாத வெக்டர் வடிவில் கொடுங்கள். பளபளக்கும் லமினேற்றிங் குழல்விளக்கின் கீழ் கமராவின் கண்ணைக் கூசச் செய்யும், மங்கல் பூச்சே நல்லது. தைத்த புத்தகத்தின் உள்மடிப்புக்கு அருகில் குறியீடு வந்தால் தாள் வளையும், கட்டங்களும் வளையும். எல்லாவற்றுக்கும் மேலாக, குறியீட்டின் கீழே முகவரியை எழுத்திலும் அச்சிடுங்கள். கமரா பழுதான தொலைபேசியில் அதைத் தட்டியேனும் திறக்கலாம். மாதிரித் தாளைச் சோதிக்கும்போது உங்கள் தொலைபேசியை விட்டுவிட்டு, வாசகர்களிடம் இருக்கக்கூடிய மிக மலிவான தொலைபேசியை இரவல் வாங்கி, இரவில் வீட்டு விளக்கின் கீழ் சோதியுங்கள்.

காணொளிகளை முதலில் எல்லோரும் அறிந்த ஒரு பெரிய தளத்தில் ஏற்றியிருந்தேன். ஊஞ்சல் பாட்டுக்கு முன்னால் கடன் வழங்கும் நிறுவனத்தின் விளம்பரம் ஓடியது. பாட்டு முடிந்ததும் அடுத்தடுத்து எவையெவையோ ஓடத் தொடங்கின, பிள்ளை அவற்றோடு போய்விட்டது. கோயில் திருவிழாவில் பதிந்த கும்மியின் பின்னணியில் தூரத்து ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஒன்று கேட்டதால், உரிமைக் கோரிக்கை வந்து அந்தக் காணொளி முடங்கியது. இப்போது காணொளிகளை அறவே குறைத்துவிட்டேன். கும்மிக்கும் கரைவலைக்கும் மட்டும் சிறு துண்டுகள், விளம்பரமில்லாமல் என் தளத்திலேயே. உண்மையைச் சொன்னால், குரலை மட்டும் கேட்கும்போது பிள்ளைகள் கண்ணைப் பக்கத்தில் வைத்து ஓவியத்தைப் பார்க்கிறார்கள். காணொளி ஓடினால் புத்தகம் தரையில் கிடக்கிறது.

டேட்டாச் செலவையும் எண்ணிப் பாருங்கள். 64 கேபிபிஎஸ் அளவில் சுருக்கிய எம்பி3 ஒலி நிமிடத்துக்கு அரை எம்பியளவே எடுக்கும், தனிக் குரலுக்கு அது தாராளம். தெளிவான காணொளியானால் நிமிடத்துக்கு இருபது எம்பியை எட்டலாம். ரீலோட் போட்ட பணம் பாட்டில் கரைந்தால் எந்த அப்பாவும் இரண்டாம் தடவை தொலைபேசியைக் கொடுக்க மாட்டார். சிக்னலுக்காக முற்றத்துக்கு வர வேண்டிய வீடுகளும் உள்ளன. அதனால் முன்பள்ளிகளுக்கு 24 பாட்டுகளையும் சிறிய மெமரி கார்ட்டில் பதிந்து, கோப்புகளுக்குப் பக்க எண்ணையே பெயராக வைத்துக் கொடுத்தேன். ஆசிரியை பக்கத்தைக் காட்டி, அந்த எண்ணை அழுத்தினால் போதும், சிறிய ஒலிபெருக்கியில் வகுப்பு முழுவதும் கேட்கும். இணையம் நின்றுபோன நாட்களில் கேட்டது அதுதான். பாட்டின் வரிகள் முழுமையாக அச்சில் இருந்ததும் அந்த நாட்களில் கைகொடுத்தது. ஒலி இருக்கிறதே என்று வரிகளைச் சுருக்கச் சொன்ன ஆலோசனையை ஏற்காமல் விட்டது நல்லதாயிற்று. வெளிநாட்டில் இருக்கும் உறவுகளின் பிள்ளைகளுக்காக, ஒலி ஓட ஓட அந்த வரி ஒளிரும் ஈபப் 3 மின்னூலாகவும் பின்னர் செய்தேன். எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கு அது மிகவும் உதவுகிறது, எல்லா வாசிப்புச் செயலிகளும் அந்த வசதியைத் தருவதில்லை என்பதே குறை.

மூலப் பதிவுகளின் பிரதி ஒன்றை என் வீட்டுக்கு வெளியேயும் வைக்க வேண்டும் என்பது இந்த அல்லலுக்குப் பிறகே உறைத்தது. ஈழத்துத் தமிழ் ஆவணங்களை 2005 இலிருந்து எண்ணிமமாக்கிவரும், நூலகம் என்றே பெயர் கொண்ட நிறுவனத்தைப் போன்ற பொது ஆவணகங்களிடம் நூலையும் ஒலியையும் சேர்த்து ஒப்படைப்பது தனி ஒருவரின் வன்தட்டை நம்புவதை விடப் பாதுகாப்பானது. பாடியவர்களின் சம்மதத் தாளில் அதற்கும் இடம் விட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இணையப் பெயரைப் புதுப்பிக்காமல் விட்டால் வேறொருவர் அதை வாங்கலாம். அப்படிக் கைமாறிய பெயர்களில் சூதாட்டத் தளங்கள் குடியேறுவது சாதாரணமாக நடக்கிறது, தாலாட்டுப் பக்கத்தின் குறியீடு அங்கே போய்த் திறந்தால் அதைவிட ஊமையாக இருப்பதே மேல். டொட் கொம் பெயரை ஒரே தடவையில் 10 ஆண்டுகள் வரை பதியலாம். நான் 2034 வரை பதிந்திருக்கிறேன். கணக்கின் விபரங்களை என் மகளிடமும், புத்தகத்தை வைத்திருக்கும் ஒரு கிராமத்து நூலகரிடமும் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகும்போது, பதிப்புரிமைப் பக்கத்தில் ஆண்டுக்கும் விலைக்கும் கீழே, முகவரி எந்த ஆண்டு வரை கட்டப்பட்டுள்ளது, புதுப்பிக்கும் பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்ற இரண்டு வரிகளையும் சேர்க்கச் சொல்லி அச்சகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.